செல்லாயி ஓட்டுப் போடப் போன நாள்

— கொஞ்சம் மெதுவா நட செல்லாயி. ஓயா ஆத்துப் பாலத்துப் பலகையில பாசி புடிச்சிருக்கு.

— வழுக்கி வுழுந்தா உங்களுக்கென்ன? நான் யாரோ, நீங்க யாரோ.

— மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?

— நான் ஆரம்பிக்கலீங்க. நேத்து பீலியில தண்ணி புடிக்கறப்ப கங்காணி பொஞ்சாதிதான் ஆரம்பிச்சா. ஓட்டுக்குப் பேர் பதிய வந்த சிங்கள மாத்தயா முன்னால, தோட்டத்து ஆபீஸ் வாசல்ல, "செல்லாயி எம் பொஞ்சாதி இல்ல"ன்னு சொன்னீங்களாமே. ஆறு மாசமா லயமே அதத்தான் பேசுதாம். எனக்குத்தான் தெரியலியாம். அத்தன பொம்பளைங்களும் குடத்த நெரப்பாம என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாளுங்க.

— அது கெடக்கு. வெயிலேறுறதுக்கு முன்ன போய்ச் சேருவோம்.

— கெடக்காது. சொன்னீங்களா, இல்லியா?

— சொன்னேன்.

— நல்லது. கேட்டுக்கிட்டேன்.

— செல்லாயி.

— ஒரே காம்பராவுல இத்தன வருஷம் கஞ்சி குடிச்சோம். எம் புள்ளையப் பொதைக்கப் போறப்ப நீங்கதான் அவளத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனீங்க. அவளுக்கு அப்பன் யாருன்னு கேட்டா இனிமே நான் என்னா சொல்லணும்?

— அதுக்கொரு காரணம் இருந்துச்சு.

— சொல்லுங்க, கேப்போம்.

— இப்ப சொன்னா நீ ஓட்டுப் போடாம திரும்பிருவ. உன் கொணம் எனக்குத் தெரியும். போட்டுட்டு வா, சொல்றேன்.

— ஆமா, உங்களுக்கு எல்லாந் தெரியும். இந்தா, இந்தத் தூக்குச்சட்டியப் புடிங்க. இதையாவது உங்களுதுன்னு ஒத்துக்குவீங்களா?

— குடு. அந்த வளைவு தாண்டுனா கபூர் நானா கட. நீ அங்க குந்தியிரு. பள்ளிக்கூடத்து வாசல்ல யாரு நிக்கறாங்கன்னு நான் பாத்துட்டு வந்துர்றேன்.

*

— வாங்கோ தங்கச்சி, இந்த வாங்குல குந்துங்கோ. வீரமலை அண்ணனுக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தவா? எங்க, நிக்காமப் போறாரு?

— பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆள் பாக்கப் போறாரு, நானா. எனக்கும் ஒண்ணும் வேணாம்.

— குடிங்கோ. இண்டைக்கி ஓட்டுப் போட வாறவங்க எல்லாருக்கும் இந்தக் கடையில தேத்தண்ணி சும்மா. நான் எந்தக் கட்சியுமில்ல, சந்தோசத்துக்கு ஊத்துறன். எங்கட வாப்பாட காலத்தில சட்டசபைக்கு எலக்சன் எண்டா இந்த பசாருலேருந்து ரெண்டு மூணு பேருதான் போவாங்க. காணி ஈக்கோணும், இங்கிலீசு வாசிக்கோணும். வாப்பா கடை வாசல்ல நின்டு அவங்கட கோட்டப் பாத்துக்கிட்டு ஈப்பாரு.

— பொம்பளைங்க?

— பொம்பளையா? பேச்சே இல்ல. அஞ்சு வருசத்துக்கு முந்தித்தான் ஆணுக்கும் பொண்ணுக்கும் ஓட்டு எண்டு சட்டம் வந்திச்சி. நானும் சட்டைய வெளுத்து மடிச்சி வெச்சிக்கிட்டு ஈந்தேன். கடைசியில எங்கட தொகுதியில ஒரே ஒரு ஆள்தான் நின்டார். போட்டியில்ல, ஓட்டுமில்ல. அந்தச் சட்டையத்தான் இண்டைக்கி உடுத்தீக்கன். வயித்துப் பக்கம் கொஞ்சம் புடிக்கிது. என்ன தங்கச்சி, சிரிக்கவும் இல்ல, தேத்தண்ணியும் ஆறுது.

— நானா, பேர் பதிய வந்தப்ப நீங்கதானே மாத்தயாவுக்குத் தமிழச் சிங்களத்துல மாத்திச் சொன்னீங்க?

— ஓ, நான்தான். அரிசி மூட்டை எறக்க வந்த என்னயப் புடிச்சி நிப்பாட்டிட்டாங்க.

— அன்னிக்கு இவரு என்னயப் பொஞ்சாதி இல்லன்னு சொன்னது நெசமா?

— அதா? யாரு ஒங்களுக்குச் சென்னது?

— யாரு சொன்னா என்ன? நெசமா?

— நெசம். ஆனா அத மட்டும் கேட்டா அது பொய்யாப் போயிரும். முழுசாக் கேளுங்கோ. மொதல்ல ஆம்புளைங்களக் கூப்பிட்டாங்க. "இஞ்சயே ஈக்கப் போறியா, இந்தியாவுக்குத் திரும்பிப் போவியா?" எண்டு கேள்வி. கங்காணி முந்தின நாளே எல்லாருக்கும் ஓதி வெச்சீந்தார், திரும்பிப் போறம்னு சென்னாத்தான் தொரைக்குப் புடிக்கும், இல்லாட்டி வேலைய விட்டு நிப்பாட்டுற பத்துச்சீட்டக் குடுத்து தோட்டத்தவிட்டு வெரட்டிருவாரு எண்டு. எல்லாரும் அப்பிடியே சென்னாங்க. வீரமலை அண்ணனும் சென்னாரு. திரும்பிப் போறவனுக்கு ஓட்டில்ல எண்டு பேர் வெட்டுப்பட்டுது. அதுக்குப் பொறகு நீங்க வந்தீங்க.

— நான் என்னா சொன்னேன்னு எனக்கு நெனவிருக்கு. காய்ச்சல் வருஷத்துல எம் புள்ளையக் குடுத்துட்டேன், அவ இந்த மண்ணுக்குள்ள கெடக்கறா, நான் எங்கயும் போகலன்னு சொன்னேன்.

— அத அப்பிடியே சிங்களத்தில செல்லினேன். மாத்தயா தலையக் குனிஞ்சிக்கிட்டு ஒங்கட பேர எழுதினார். நீங்க ரப்பர் பால் வெட்ட மலைக்கிப் போயிட்டீங்க. ஒங்கட முதுகு மறஞ்ச ஒடன கங்காணி எழும்பிட்டார். "அவ புருஷன் திரும்பிப் போறவன். புருஷன் போனா அவளும் போகோணும். அவ பேரயும் வெட்டுங்க." மாத்தயா யோசிச்சிப் பாத்திட்டு, சட்டம் அப்பிடித்தான் எண்டாரு.

— கங்காணிக்கு எம் மேல என்ன காட்டம்?

— ஒங்களுக்குத் தெரியாதா? இண்டைக்கி வெள்ளப் பொட்டி வெச்சீக்கிற ஆளுக்குத்தான் எல்லாரும் போடோணும் எண்டு அவர் செல்லித் திரியக்குள்ள, காய்ச்சலுக்கு மருந்து கொண்டுவந்த வாலிபப் புள்ளைங்கட ஆளுக்கு, இந்த மஞ்சப் பொட்டிக்காரருக்குத்தான் போடுவன் எண்டு நீங்க காலையில பேர் கூப்பிடுற பொரட்டுக்களத்துல வெச்சே செல்லியீக்கீங்க.

— தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து தீந்து போயிருந்துச்சு, நானா. அந்தப் புள்ளைங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு லயத்துக்கு வந்தப்ப எம் பொண்ணு போயி ஒரு நாள் ஆயிருந்துச்சு. அடுத்த காம்பராப் புள்ளைங்க பொழச்சிச்சுங்க. அதத்தான் சொன்னேன்.

— அல்லா பாத்துக்கிட்டு ஈக்கான். ஒங்கட மனிசரக் கூப்பிட்டு மாத்தயா கேட்டாரு. அவரு செல்லினாரு, "தப்பாச் சொல்லிட்டேங்க, நானும் போகல"ன்னு. ரெண்டு தரம் செல்லினாரு. மாத்தயா கேக்கல்ல. பேனா ஒங்கட பேருக்கு மேல வந்திட்டு. அப்பத்தான் மனிசன் வாயத் தொறந்தாரு, "அவ எம் பொஞ்சாதி இல்லீங்க. தனி ஆளு. அவ அப்பன் பேரப் போட்டுக்குங்க."

— நீங்களும் மாத்திச் சொல்லிட்டீங்களா?

— மாட்டேன்டு நின்டேன். இது பெரிய பாவமில்லையா? என்ட கையப் புடிச்சிட்டாரு, தங்கச்சி. "சொல்லுங்க நானா. புள்ள போன பொறகு அவ ஆசப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். நான் குடுக்க வேற என்ன வச்சிருக்கேன்?" எண்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சிலர் அவருட காலுக்குக் கிட்டத் துப்பினாங்க. அவர் தலைய நிமித்தல்ல.

— அப்ப என் ஓட்டு பொய்யில வந்த ஓட்டா?

— நீங்க சென்னதில பொய் ஈக்கா? இஞ்சதான் ஈக்கப் போறன் எண்டீங்க. ஈக்கீங்க. அதுக்குத்தான் ஓட்டு. அந்தா, மனிசர் வாறாரு. கண்ணத் தொடச்சிக்கங்கோ.

— கங்காணி வாசல்லதான் நிக்கறாரு, செல்லாயி. போற பொம்பளைங்க காதுல வெள்ளப் பொட்டி, வெள்ளப் பொட்டின்னு ஓதுறாரு. நீ பயந்துராத. உள்ள தெர கட்டியிருக்காங்க. எந்தப் பொட்டியில போட்டன்னு அவருக்குத் தெரியாது. என்னா, கண்ணு செவந்திருக்கு?

— பொக. நானா அடுப்புல பச்ச வெறகு.

— வா, போவோம்.

— நீங்க இந்தத் தேத்தண்ணியக் குடிச்சிட்டு வாங்க. நான் வாயே வைக்கல. காலையில வெறும் வயித்துல நடந்து வந்திருக்கீங்க.

*

— வந்துட்டியா? எவ்வளவு நேரம்.

— வரிச நீளம். சிங்களப் பொம்பளைங்க கொழந்தையும் கையுமா நின்னாங்க. ஒரு அம்மா என்னய "நங்கி, மெஹே என்ன"ன்னு, தங்கச்சி இங்க வான்னு கூப்பிட்டு நெழல்ல நிக்க எடம் குடுத்துச்சு.

— போட்டியா?

— போட்டேன். பெரியண்ணன் மக செல்லாயின்னு கூப்பிட்டாங்க. எங்கப்பா பேர அந்த எடத்துல கேக்கறப்ப ஒடம்பு சிலிர்த்துருச்சு. ஒரு சீட்டக் குடுத்தாங்க. தெரைக்குப் பின்னால ஆளுக்கொரு நெறத்துல மூணு பொட்டி. மஞ்சளப் பாத்துக்கிட்டேன். பொட்டி வாயில சீட்ட வச்சுட்டு, பாப்பா பேர மனசுக்குள்ள சொல்லிட்டு வுட்டேன். குனிஞ்சு காத வச்சேன். உள்ள வுழுந்த சத்தம் கேட்டுச்சு.

— நல்லது, செல்லாயி. ரொம்ப நல்லது.

— நீங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?

— குடிச்சேன். வாசல்ல கங்காணி கூட என்னா பேச்சு? அந்த மரத்தடியிலருந்து பாத்தேன். அவரு மொகம் கறுத்துப் போச்சு.

— அடுத்த எலக்சன்ல என் பேரு இருக்காதாம். அவரே நின்னு வெட்ட வைப்பாராம்.

— ஏன்? மஞ்சப் பொட்டின்னு அவருகிட்ட சொல்லிட்டியா?

— அதெல்லாம் சொல்லல.

— பின்ன எதுக்கு வெட்டணும்? பாடுபட்டு வந்த ஓட்டு, செல்லாயி. அவருக்கு என்ன காரணம் கெடச்சுச்சு?

— நான்தான் குடுத்தேன்.

— என்னா சொல்ற நீ?

— நான் வெளிய வரவும் அவரு எல்லாரும் கேக்கற மாதிரி சிரிச்சாரு. "ஏ செல்லாயி, நீதான் தனி ஆளாச்சே. யாரு கூடத் தோட்டத்துக்குத் திரும்பிப் போவ?"ன்னு.

— காதுல வாங்காம வந்திருக்கலாமே.

— வரத்தான் நெனச்சேன். நீங்க அந்த மரத்தடியில என் தூக்குச்சட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கறதப் பாத்தேன். காலு நவுரல.

— என்னா சொன்ன?

— மொதத்தடவையா உங்க பேர வாயால சொன்னேன். "வீரமலை கூடப் போவேன், அவருதான் எம் புருஷன்"னு.