செல்போனில் வந்த கல்யாணப் பத்திரிகை

மைக் கையில இருக்குன்னு என்னைப் பெரிய படிப்பாளின்னு நினைச்சுடாதீங்க. பத்தாவதோட சரி. நான் போனைத் தொட்டாலே என் மக, "அப்பா, எதையும் அமுக்காதே!"ன்னு உள்ளேயிருந்து கத்துவா. அதனால புத்தி சொல்ல வரல... ஒரு சின்னக் கதை, நடந்த கதை, சொல்லிட்டுப் போறேன்.

எங்க தெருவுல டெய்லர் கடை வச்சிருக்கார் பொன்னுலிங்கம். சம்சாரம் பேரு சொர்ணம். சொர்ணத்துக்கு ஒரே அண்ணன், வேலாயுதம். சங்கரன்கோவில்ல இருக்கார். இவங்க மகள் சடங்குல, தாய்மாமன் சீரைச் சபையில சரியா எடுத்துச் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவர்தான்... பேச்சே கிடையாது. நல்லதுக்கும் வரல, கெட்டதுக்கும் வரல.

ஒரு நாள் சொர்ணம் போன்ல 'டிங்'குன்னு ஒரு சத்தம். பார்த்தா... அண்ணன் நம்பர்! "எங்கள் இல்லத் திருமணம். குடும்பத்துடன் வருக. பத்திரிகையைத் திறக்க இங்கே தொடவும்."

சொர்ணம் கடைக்கே ஓடி வந்துடுச்சு. "ஏங்க, எங்கண்ணன் கூப்பிட்டுருச்சுங்க!"

பொன்னுலிங்கம் மிஷினை நிறுத்தினார். "எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேளேன்..."

"நல்லாருக்கே! இத்தனை வருஷம் கழிச்சுக் கூப்பிட்ட மனுஷன்கிட்ட, 'நிசமாத்தான் கூப்பிட்டியா'ன்னு கேக்கவா? மறுபடி முறுக்கிக்கிட்டா நீங்களா சமாதானம் பண்ணுவீங்க?"

நியாயம்தானே? நம்மள்ல யாராவது அப்படிக் கேப்போமா?

தொட்டாச்சு. போன் கேட்டுது: இதை உள்ளே ஏத்தவா? சரி. உன் மெசேஜையெல்லாம் படிக்கவா? சரி. கல்யாணப் பத்திரிகை எதுக்குங்க நம்ம மெசேஜைப் படிக்கணும்? யாரு யோசிச்சா! அண்ணன் நீட்டினதுக்கு 'வேண்டாம்'னு அமுக்க அந்தக் கைக்கு மனசு வரல.

பத்திரிகை திறக்கவே இல்ல. "நெட்டு சரியில்ல"ன்னுட்டு, பட்டுப்புடவையை எடுத்துக் கொடியில காயப்போட்டுச்சு. தெருவுல போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம், "எங்கண்ணன் பேசிடுச்சு"... அதே பேச்சு. பேங்க் அனுப்பின ரகசிய நம்பரையெல்லாம் அந்த மெசேஜ்லயே எவனோ படிச்சுட்டான்; சாயங்காலத்துக்குள்ள பேங்குல இருந்த சேமிப்பு மொத்தமும் போயிடுச்சு.

அப்பத்தான் போன் போட்டாங்க. வேலாயுதம் எடுத்தார். "என் போனை எவனோ கைப்பத்திட்டான். இருக்கிற நம்பருக்கெல்லாம் அதுவா போயிருக்கு. திறந்துடாதீங்க."

சொர்ணம் பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலைங்க. "அப்ப... நீ கூப்பிடலையாண்ணே?"

அந்தப் பக்கம் லைன் கட் ஆயிடுச்சு.

பணத்துக்குப் போலீஸ்ல புகார் கொடுத்திருக்கு. வரலாம், வராமலும் போகலாம். சொர்ணம் கேட்ட அந்தக் கேள்விக்கு எந்த ஸ்டேஷன்ல போய்ப் புகார் கொடுக்கிறது?

அம்மாமாரே, ஐயாமாரே... அந்தத் திருடனுக்குச் சொர்ணத்தைத் தெரியாது. ஊருக்கெல்லாம் வீசினான். யாரு ஏங்கிக்கிட்டு இருந்தாங்களோ, அவங்க கை முதல்ல போச்சு. அதனால ஏமாந்தவங்களைப் பார்த்துச் சிரிக்காதீங்க. பத்திரிகைன்னா படமா வரும். எதையும் ஏத்தச் சொல்லாது, அனுமதி கேக்காது. கேட்டா, கையை எடுத்துடுங்க. அனுப்பினவங்களையே கூப்பிட்டு வாயால கேளுங்க. 'தப்பா நினைப்பாங்களோ'ன்னு ஒரு கூச்சம் வருது பாருங்க... அந்தச் சந்துலதான் அவன் உள்ளே வர்றான்.

பேச்சு விட்டுப்போன சொந்தம் யாரு வீட்டுல இல்ல? பத்திரிகை வரட்டும்னு காத்திருக்காதீங்க. இன்னைக்கே நீங்களா ஒரு போன் போடுங்க... அவங்க குரல் எப்படியிருக்கும்னு மறந்துபோறதுக்குள்ள.