குளிராத தொட்டி

— அடிக்கட்டும் மாப்பிள்ளை, ஜன்னலச் சாத்தாதீங்க. கண்ணுலதான் கட்டு, மூஞ்சியில வெயில் படறதாவது தெரியட்டும். ஏன், உக்காராம நிக்கிறீங்க?

— வந்து... ஒண்ணு சொல்லணும் மச்சான். அன்னிக்குப் புயல்ல மொத மரம் கரண்ட் லைன்ல விழுந்தப்ப, சப்-ஸ்டேஷன்ல நம்ம நைட்ரஜன் தொட்டி சரியாத்தான் வேலை செஞ்சுது.

— செய்யாம? குளுகுளுன்னு இருக்கற வரைக்கும் கரண்ட்டுக்கு வழி விட்டுட்டு சாதுவா கிடக்கும். கரண்ட் தறிகெட்டுப் பாஞ்சா, சட்டுனு சூடாகி குறுக்க நின்னுடும். எங்கப்பா சுபாவம்.

— சூடானது மறுபடி குளிர நாலு மணி நேரம் ஆகும்னு காட்டுச்சு. ஊர்ல ஒரு தெருவுக்கும் கரண்ட் இல்ல. மேலேருந்து போன் மேல போன்.

— ம்.

— வந்து... நான் கண்ட்ரோல் ரூம்லேருந்தே ஸ்விட்ச் போட்டு, தொட்டிய ஒதுக்கிட்டு லைன நேரா இணைச்சுட்டேன். அதுக்குள்ள இன்னொரு மரமா விழப்போகுதுன்னு நெனச்சேன்.

— விழுந்துது. தடுக்க நாதி இல்ல. மொத்தமும் கரண்ட்ட வெட்டற பிரேக்கர் தலையில விடிஞ்சுது. அது தாங்குமா, வெடிச்சுது. பத்தடி தள்ளி நான் ஸ்பேனரோட நிக்கிறேன்.

— பிரேக்கர் இருக்கற யார்டுக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனீங்க. நானும் சரின்னேன். அடுத்த போன் வந்ததும் மறந்துட்டேன் மச்சான். பத்து நாளா சோறு எறங்கல. நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்.

— அட விடுங்க. அவங்க நேத்தே இங்க ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போயாச்சு.

— இங்கயா? என்ன கேட்டாங்க?

— ஸ்விட்ச் போட்டது யாருன்னு. நான்தான், யாரையும் கேக்காம யார்டுல கையால போட்டேன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. வலது கை இல்லியே, இடது கட்டைவிரல மையில தோச்சு வச்சேன்.

— மச்சான்... ஏன் இப்படி?

— என் கண்ணுக்கு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. உங்க வேலையும் போச்சுன்னா, வாயும் வயிறுமா இருக்கற என் தங்கச்சி எங்க போவா?

— உங்க கால்ல விழணும் நான். இந்த ஜென்மத்துக்கும்...

— வேணாம் மாப்பிள்ளை. பழிய ஏத்துக்கிட்டது அவளுக்காக. உங்கள நான் மன்னிக்கல. நாளையிலேருந்து அவள மட்டும் அனுப்புங்க.