மாப்பிள்ளைக்கு எடுத்த குழல்

புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் எல்லோரும் நீளமான குழல்தான் கேட்பார்கள், மேடம். குழல் நீண்டால் குறி தப்பாது என்று யாரோ அவர்கள் காதில் ஓதியிருக்கிறார்கள். "இருக்கறதுலயே நீளமானது குடுங்கண்ணே" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள், பரண்மேல் ஏறிய பூனையை விரட்டப் போகிறவர்கள் மாதிரி. ஒரு முழத்துக்கு மேல் போனால் குழலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சத்தம் கொஞ்சம் குறையும், புதரில் மாட்டும், அவ்வளவுதான். ஆனாலும் கேட்டதைக் கொடுத்து அனுப்புகிற கடைக்காரர்கள்தான் அதிகம். நான் அப்படி அனுப்பியதில்லை.

என்னிடம் நீளம் கேட்காத ஒரே ஆள் எங்கள் மாப்பிள்ளை. என் அண்ணன் மகளைக் கட்டியவர். "நீளமெல்லாம் வேணாம் சின்ன மாமா. தப்பித் தவறி யார் மேலயும் பட்டுடக் கூடாது. நேராப் போற மாதிரி ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றார்.

பார்த்துக் கொடுத்தேன். உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறதே, அதுதான்.

அண்ணனின் கண்ணைப் பற்றிப் பேசாமல் இவன் குழல் கதை சொல்கிறானே என்று பார்க்கிறீர்கள். இடது கண் இனி வராது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். விளையாட்டில் நடந்த விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டதும் தெரியும். கட்டிய மூட்டையை அவிழ்க்கத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். குழலிலிருந்து அவிழ்த்தால்தான் ஒழுங்காக அவிழும்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. காற்று அடைத்த துப்பாக்கி, அதற்குள் சாயம் நிரப்பிய உருண்டைகள். மேலே பட்டால் உடைந்து சாயம் அப்பும், பட்டவன் வெளியே போக வேண்டும். தோளில் பட்டால் சில நாள் கன்றிக் கிடக்கும். கண்ணில் படக் கூடாது. அதனால் மைதானத்துக்குள் இருக்கும்வரை யாரும் முகமூடியைக் கழற்றக் கூடாது என்று சட்டம். அதைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டியவன் நான்.

மைதானம் எங்கள் இருவருக்கும் பொது. உள்ளே நடுவராக நின்று ஆட்டத்தை நடத்துகிறவர் அண்ணன். வாசலில் இருக்கிற துப்பாக்கிக் கடை என் பொறுப்பு. நாங்கள் சந்தைக்காரப் பிள்ளைகள், மேடம். எங்கள் வீட்டில் பால்குடி மறக்கும் முன்பே பேரம் பேசக் கற்றுக்கொள்வோம். கைகூடாத பேரத்திலும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட வேண்டும். மனசில் இருப்பது முகத்துக்கு வந்துவிட்டால் எதிராளி அதையே பிடித்துக்கொள்வான். அண்ணனுக்கு அது வராது. சத்தம் போட்டே காரியம் சாதிக்கிறவர். அவர் கத்தி விரட்டிய வாடிக்கையாளரை எல்லாம் வாசலில் உட்காரவைத்துச் சமாதானப்படுத்தி, கையில் ஒரு சாமானையும் கொடுத்து அனுப்புகிறவன் நான். அந்தக் கடை அப்படித்தான் வளர்ந்தது.

மகளுக்குக் கல்யாணமானதும் மாப்பிள்ளை தன் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரும் கையில் டீயோடு கடைமுன் நிற்கும்போது, அண்ணன் என் தோளில் தட்டினார்.

"இனிமே கல்லாவுல மாப்பிள்ளை உக்காருவாரு. நீ கூட நில்லுடா."

கூட நில். ஒரு கடையில் யார் கூட நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சாமான் எடுத்துக் கொடுக்கிறவன் நிற்பான். குடையை மறந்துவிட்டுப் போனவன் திரும்பி வந்து நிற்பான். கூட்டத்தில் ஒருவர், "என்னண்ணே, பதவி உயர்வா?" என்று என்னைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். எனக்குக் கோபம் வராது, மேடம். இதை நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். அதுதான் தொல்லை. கல்லாவில் உட்காரும்போது முள்மேல் உட்காருகிற மாதிரி நுனியில் உட்காருவார். "நீங்க உக்காருங்க சின்ன மாமா, எனக்கு நின்னே பழக்கம்" என்பார். என் நாற்காலியை எனக்கே தானம் செய்வார். திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் நான் பொறுத்துப் போயிருப்பேன். வேலையும் தெரியாது. ஒவ்வொரு கம்பெனித் துப்பாக்கிக்கும் குழலைத் திருகுகிற மரை வேறு என்பதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. ஒருநாள் பொருந்தாத குழலை மல்லுக்கட்டித் திருகி, ஒரு வாடிக்கையாளரின் துப்பாக்கியில் மரையையே கழற்றிவிட்டார். "யாருக்கு மரை கழண்டிருக்குன்னு தெரியலையே" என்று அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். அண்ணன் அதற்கும் சிரித்தார். "பழகிக்குவாரு விடுடா" என்றார். நான் பழகிய காலத்தில் எனக்கு யாரும் அப்படி விட்டதில்லை.

இனி ஹாரன் விஷயம்.

முகமூடி வாயையும் சேர்த்து மூடும். அதைப் போட்டுக்கொண்டு விசில் ஊத முடியாது. அண்ணன் அந்தக் காலத்திலிருந்தே ஆட்டம் முடியும்போது நடுவிலிருக்கிற டயர் மேட்டில் ஏறி, முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு விசில் அடிப்பார். அந்த நேரம் பார்த்து எவனாவது சுட்டால் கண் போய்விடும். அதனால் கையால் அழுத்துகிற ஹாரன் ஒன்று நானே தேடி வாங்கிக் கொடுத்தேன். "விசில்ல இருக்கற கெத்து இதுல வருமாடா?" என்று முனகினாலும் அதற்குப் பழகிவிட்டார்.

அவர் என்னைக் கூட நிற்கச் சொன்ன மறுவாரம் ஹாரன் பழுதாகிவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். கடையில் கண்ணாடி அலமாரிக்குக் கீழே உள்ள இழுப்பறையில், பழைய துணிக்கு அடியில் இருக்கிறது. எடுத்து அழுத்திப் பாருங்கள். தெரு முழுக்கக் கேட்கும்.

அண்ணன் சந்தோஷமாக விசிலுக்குத் திரும்பினார்.

அதே சமயம் மாப்பிள்ளைக்கு ஆட்டத்தில் ஓர் அவமானம். கை மந்தம். அவர் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் எதிரணி நாலு பக்கமும் சாயம் பூசிவிடும். ஒருநாள் மேலெல்லாம் ஆரஞ்சு நிறமாக வந்தவரைப் பார்த்து அவர் மனைவியே, "என்னங்க, வெள்ளையடிக்கப் போனீங்களா?" என்றாள். என் மடியில் வளர்ந்த பெண். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை என்னிடம் வந்து, எப்படியாவது பழக்கிவிடும்படி கேட்டார்.

காலையில் கடை திறக்கும் முன் பின்பக்கம் வைத்துப் பழக்கினேன். டயர் மேட்டளவுக்கு ஒரு மண்திட்டு, அதன்மேல் ஆள் உயரத்தில் ஒரு பலகை. அதன் ஓரத்தில் தகரத்துக்குப் பின்னால் நான், கையில் விசில்.

"யோசிக்காதீங்க மாப்பிள்ளை. யோசிக்கறதாலதான் அடி வாங்குறீங்க. சத்தம் வந்தா, வந்த பக்கம் கை போகணும். மூளையக் கேக்காம போகணும்."

"விசில் அடிச்சா நிறுத்தணும்னுதானே சட்டம், சின்ன மாமா?"

"இது கைக்குப் பயிற்சி. ஆட்டத்துல வேற, இங்க வேற. தோசைக் கரண்டியால முதுகு சொறிஞ்சுக்கிட்டா கரண்டி கோவிச்சுக்குமா?"

சிரித்தார். நம்பினார். அவர் யாரையும் நம்புவார். நாள் போகப்போக விசில் சத்தம் வாயிலிருந்து வெளிவருவதற்குள் பலகையில் சாயம் வழியும். நல்ல மாணவர். பலகையில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு வட்டம் வரைந்திருந்தேன். அது என் நெற்றி உயரத்தில் இருக்கும். அண்ணனும் நானும் ஒரே உயரம்.

கை தேறிவிட்டது. குழல்தான் காலை வாரியது. துப்பாக்கியோடு கம்பெனி போட்டுக் கொடுக்கிற குழல் அது. உருண்டை அதற்குள் தளர்ந்து உருளும், பையனுக்கு அப்பன் சட்டை மாட்டிய மாதிரி. ஒன்று நேராகப் போகும், அடுத்தது இஷ்டத்துக்குப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தது. அண்ணன் வழக்கம்போல டயர் மேட்டில் ஏறி, முகமூடியைத் தூக்கி, விசில் அடித்தார். எதிரே மூலைச் சுவருக்குப் பின்னால் மாப்பிள்ளை. அந்த இடம் பாதுகாப்பானது என்று அவரை அங்கே நிறுத்தியது நான். அவர் கை, பழகியபடி போனது.

உருண்டை அண்ணனின் காதை ஒட்டிப் போய்ப் பின்னாலிருந்த தண்ணீர் டிரம்மில் உடைந்தது.

"ஆட்டம் முடிஞ்சாச்சு மாப்பிள்ளை, டிரம்மு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அண்ணன் கத்தினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வெளிறிப்போய்க் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"கை தானாப் போயிருச்சு சின்ன மாமா. மாமா மேல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? இந்தச் சனியன் பிடிச்ச ஆட்டமே எனக்கு வேணாம்."

"கைமேல தப்பில்ல மாப்பிள்ளை. குழல் சரியில்ல. கண்ட பக்கம் போகுது பாருங்க. நல்ல குழலா இருந்தா போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகும். யாருக்கும் பயமில்ல."

அப்போதுதான் அவர் கேட்டார், தப்பித் தவறி யார் மேலும் படாத மாதிரி ஒன்று வேண்டும் என்று.

என் தொழிலில் நான் இத்தனை அக்கறையாக ஒரு குழலும் எடுத்ததில்லை. முதலில் மரை. அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்துகிறவற்றை மட்டும் பிரித்தேன். கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக உருட்டி, தள்ளாடுகிறதை ஒதுக்கினேன். குழல் வழியாக டியூப் லைட்டைப் பார்த்து, உள்சுவரில் கீறல் இருப்பதை ஒதுக்கினேன். பிறகுதான் முக்கியமானது. அவர் சுடப்போகிற அதே பையிலிருந்து உருண்டையை எடுத்துக் குழல் வாயில் வைக்க வேண்டும். தானாக உருண்டு வெளியே விழுந்தால் குழல் அகலம். ஊதியும் நகராவிட்டால் இறுக்கம். அப்படியே நின்று, வாய் வைத்து ஓர் ஊது ஊதியதும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்று அப்படிப் போனது. மறுபடி வைத்து ஊதினேன். மறுபடியும் போனது. ஈரக்காற்றில் உருண்டை பருத்துவிடும் என்பதால் அந்தப் பையை மூடிபோட்ட டப்பாவில் தனியாக எடுத்துவைத்தேன். குழல் மாற்றினால் வேகம் மாறும். அதையும் கருவி வைத்து அளந்து, மைதானத்தில் அனுமதித்த வேகத்துக்குள்தான் நிறுத்தினேன். விதியை மீறி நான் எதையும் விற்றதில்லை.

மாப்பிள்ளை பலகையில் சுட்டுப் பார்த்தார். வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பதான் சின்ன மாமா நிம்மதியா இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. டயர் மேடு, முகமூடி, விசில். அண்ணன் முதலில் கத்தவேயில்லை. சாயம் நீலம். அதனால் ரத்தம் கலந்தது சட்டென்று தெரியவில்லை. துப்பாக்கியைப் போட்டுவிட்டு முதலில் ஓடியவர் மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் நான்.

ஆஸ்பத்திரியில் நான் நகரவில்லை. அண்ணன் கட்டுக்குள்ளிருந்து கையை நீட்டித் தடவுவார். "யாரு, தம்பியா?" நான்தான் என்பேன். "நீ ஒருத்தன்தாண்டா கூட நிக்கிற" என்பார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் மகள் புருஷனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மாப்பிள்ளை வராந்தாவில் சாப்பிடாமல் உட்கார்ந்து, தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரம் படிந்துவிட்டது என்று நினைத்தேன். கடையும் கல்லாவும் தானாக என்னிடம் திரும்பிவிடும். நான் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தார். கண்ணில் கட்டு. வழக்கமான ஆட்கள், கையில் டீ. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார்.

"முகமூடியத் தூக்குனது என் தப்பு. என் மாப்பிள்ளைய எவனாவது ஒரு வார்த்தை சொன்னீங்க, அவ்வளவுதான். ஒரு கண்ணு போனா என்ன, அவர் ரெண்டு கண்ணால நான் பாத்துக்கறேன்."

மகள் அழுதுகொண்டே புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். மாப்பிள்ளை அழுதார். டீ குடித்தவர்களும் அழுதார்கள். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"கடையோட மைதானத்தையும் இனி மாப்பிள்ளையே பாத்துக்கட்டும். நீ கூட நில்லுடா."

சிரித்தேன், மேடம். டீ டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இன்று காலை கடை திறந்ததும் நேரே இங்கே வந்தேன்.

மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுப்பில்லை. அந்தப் பிள்ளை தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு காலம் முழுக்க வாட வேண்டுமா? அவருக்கு ஒரு குழல் பொறுக்கத் தெரியாது. ஹாரனை எடுத்து ஒளித்தது நான், கையைப் பழக்கியது நான், குழல் பொறுக்கியது நான், சுவருக்குப் பின்னால் ஆளை நிறுத்தியது நான். அவ்வளவு வேலையும் பார்த்தவன் நான் இருக்க, அண்ணன் தன் தப்பு என்கிறார், மாப்பிள்ளை தன் தப்பு என்கிறார். என் சரக்கை என் கண்முன்னாலேயே இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டால் நான் எங்கே போய் நிற்பது? முதல் வரியிலேயே என் பெயர் வரட்டும். அண்ணனுக்கு ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஒன்றே ஒன்று. கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபத்தில் செய்திருந்தால், டிரம்மில் பட்டதோடு விட்டிருப்பேன்.