நூற்றறுபது விரல்களுக்காக ஒரு பூட்டு

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மகளிர் தொழிற்கூடக் குழுவின் தலைவர் திரு. முத்துநாயகம் அவர்களே, முன்னிலை வகிக்கும் செயலாளர் திரு. சத்தியராஜ் அவர்களே, குலசேகரத்துப் பெரியோர்களே, காலைப் பால்வெட்டை முடித்து, ரப்பர் பால் மணம் இன்னும் விரல்களில் மாறாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பந்தலில் இடமில்லாமல் குடைக்குக் கீழே நின்று கேட்கும் சகோதரர்களே, உங்கள் எல்லோருக்கும் தங்கபாய் ஜெயசிங்கின் வணக்கம்.

ஆண்டறிக்கை வாசிக்கத்தான் என்னை மேடைக்கு அழைத்தார்கள். வாசிப்பேன். அதற்கு முன் ஒரு திருத்தம்.

தொழிற்கூடத்தின் வேலையைக் கவனிக்கும் நான், சென்ற மாதம் அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். அன்று முதல் சந்தையிலும் பேருந்திலும் ஒரு பேச்சு நடக்கிறது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த, இறந்துபோன கணவருடைய படத்தின் கண்ணாடி உடைந்ததாம். தங்கபாய் அதைக் கெட்ட சகுனம் என்று பயந்து பூட்டிவிட்டாளாம். அன்புக்குரியவர்களே, நான் சகுனம் பார்ப்பவள் அல்ல. நாகர்கோவில் கான்வென்டில் பதினோரு ஆண்டு படித்தவள். கோடு கால் அங்குலம் சாய்ந்தால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவைத்த சிஸ்டர்களிடம் படித்தவள். கண்ணாடி உடைந்தது உண்மை. ஆனால் அன்று நான் பார்த்தது சகுனத்தை அல்ல. கூடத்தில் மரம் அறுக்கும் அன்னக்கிளியின் விரலைப் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று சொல்லவா?

(சொல்லுங்க மாமி என்கிறாள் சபிதா. உனக்குத் தெரியும், நீ அங்கேதான் நின்றாய். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.)

நம் கூடத்தில் பதினாறு பெண்கள் வேலை செய்கிறார்கள். பால் வற்றி வெட்டிய ரப்பர் மரத்தின் தடியை அறுத்து, அங்கன்வாடிக் குழந்தைகளுக்காக 'சின்ன ஊர்' என்று ஒரு பெட்டி செய்கிறோம். ஒரு பெட்டிக்கு நாற்பத்தெட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. வீடு, கூரை, கோபுரம், பாலம், படகு. முந்நூறு பெட்டிகள் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

அந்த ஊரை நான் முதன்முதலில் கண்டது ஒரு மழை விட்ட மத்தியானத்தில். மரம் அறுக்கும் மெஷின் ஓய்ந்திருந்தது. ஓட்டின் இடுக்கு வழியே ஒரு கீற்று வெயில் இறங்கியது. அதில் மரத்தூள் மிதந்தது. விழவும் இல்லை, எழவும் இல்லை. யாரோ மெல்ல மூச்சு விடுவதுபோல மிதந்தது. மேசையில் அன்று அறுத்த துண்டுகள் பால் நிறத்தில் கிடந்தன. கண் சொக்கியது. துண்டுகள் தாமே எழுந்து நின்றன. தெரு வந்தது, தெருவுக்கு ஓர் ஆறு வந்தது, ஆற்றுக்கு மேலே பேச்சிப்பாறை அணைபோல ஒரு நீர்ப்பரப்பு வந்தது. அதன் கரையில் குழந்தைகள் குந்தியிருந்து, கோவிலுக்குப் பக்கத்தில் தேவாலயத்தையும், தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பசுவையும் வைத்தார்கள். அந்த ஊரில் சத்தமே இல்லை. மரத்தின் மணம் மட்டும் இருந்தது.

அதே கனவை மறுபடி கண்டுகொண்டிருந்தபோதுதான், சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, படீர் என்று கண்ணாடி உடைந்தது.

அன்னக்கிளி கூரைத் துண்டுகள் அறுத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் பால் வெட்டியவள். அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. மெஷினில் சுற்றும் வட்டப் பிளேடுக்கு மேலே இருந்த மூடியைச் சில நாள் முன்புதான் கழற்றியிருந்தோம். மூடி இருந்தால் சின்னத் துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை, வேலை தாமதமாகிறது என்று செயலாளர் சொன்னார். நானும் சரி என்றேன். குற்றத்தில் எனக்கும் பாதி உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபட்ட துண்டு பிளேடுக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்னக்கிளியின் இடதுகை அதை எடுக்க நீண்டது. கை போய்ச் சேருவதற்கு ஓர் இமைப்பொழுது முன்னால் துண்டு பிளேடின் பல்லில் உரசியது. உரசியதும் பறந்தது. அவள் காதோரமாகப் போய்ச் சுவரில் இருந்த என் கணவரின் படத்தைத் தாக்கியது.

மெஷினை அணைத்தேன். அன்னக்கிளி இடதுகையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றாள்.

"மாமி, நீங்க பாத்துச் சொல்லுங்க. எனக்க வெரலு இருக்கா?"

"கையக் காட்டுட்டி."

"எனக்குப் பாக்கப் பேடியா இருக்கு மாமி. நீங்க பாருங்க."

முந்தானையை விலக்கினேன். எண்ணினேன். ஐந்து. நம்பிக்கை வரவில்லை. மறுபடி எண்ணினேன். ஐந்து.

"அஞ்சும் இருக்கு மக்கா."

அப்போதுதான் அவள் அழுதாள். அப்போதுதான் நான் பூட்டைத் தேடினேன். இதுவா சகுனம்? சொல்லுங்கள், இதுவா சகுனம்?

இப்போது பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். தச்சுவேலை சுயம்புராஜ்தானே? என்ன தம்பி, உரக்கச் சொல்லுங்கள். "முப்பது வருசமா நாங்க கையாலதான் தள்ளுறோம்" என்கிறீர்களா? நல்லது. அந்தக் கையைக் கொஞ்சம் தூக்குங்கள், எல்லோரும் பார்க்கட்டும். அது அல்ல தம்பி, மற்றது. பார்த்தீர்களா, மூன்றரை விரலைக் காட்டிவிட்டு அவரே சிரிக்கிறார். நல்ல மனிதர். ஆனால் அந்த மற்ற ஒன்றரை விரல் எங்கே போனது என்று நாம் கேட்க வேண்டாமா?

பூட்டிய கதவுக்குப் பின்னால் நான் பயந்து உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தவர்களுக்கு ஒரு செய்தி. மூன்று வாரம் நானும் அன்னக்கிளியும் உள்ளே மெஷினை ஓட்டினோம். எழுபத்தாறு வயதில் நான் ஓட்டினேன்.

கை ஏன் பிளேடை நோக்கி நீண்டது என்ற உண்மையைக் கண்டுபிடித்தவள் அன்னக்கிளிதான். முதல் நாள், மெஷின் ஓடாதபோதே, ஒரு துண்டைப் பிளேடுக்குப் பக்கத்தில் போட்டு அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"மாமி, இது ஒட்டுப்பாலு எடுத்துப் பழகுன கை."

விளங்கியதா தாய்மார்களே? நேற்றைய வெட்டில் உறைந்து கிடக்கும் பாலை இடதுகையால் உரித்து எடுத்துவிட்டுத்தானே இன்றைய வெட்டைப் போடுகிறீர்கள்? ஒரு நாளைக்கு முந்நூறு மரம். மரத்துக்கு ஒருமுறை வெட்டுவாயை நோக்கி இடதுகை போகும். யோசித்துப் போவதில்லை, தூக்கத்திலும் போகும். அந்தக் கைதான் இங்கேயும் போனது.

"மரம் சும்மா நிக்கும் மாமி. இது சுத்துதுல்லா!"

இதற்கு மேல் யார் தெளிவாகச் சொல்ல முடியும்? முந்நூறு பெட்டி என்றால் பதினாலாயிரத்து நானூறு துண்டு. பதினாலாயிரத்து நானூறு முறை அந்தக் கை நீள நினைக்கும். ஒவ்வொரு முறையும் இமைப்பொழுது நமக்கு முன்னால் ஓடிவந்து காப்பாற்றுமா?

ஆகவே மூன்று விதிகள் செய்தோம். ஒன்று: சின்னத் துண்டைக் கையில் பிடித்து அறுக்கக் கூடாது. தடி நீளமாக இருக்கும்போதே கூரையின் சரிவை அறுத்துவிட்டு, கடைசியில்தான் துண்டு போட வேண்டும். கைக்கும் பிளேடுக்கும் நடுவே எப்போதும் ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

இரண்டு: ஒரு சாண் மிஞ்சாத துண்டை மரமே பிடிக்கட்டும். பிளைவுட்டில் சறுக்கும் தட்டு ஒன்று செய்திருக்கிறோம். துண்டை அதில் கிளாம்ப் போட்டு இறுக்கினால், தட்டு போகும், கை போகாது. பிளேடு அறுத்த மெல்லிய கீற்றைத் தவிர அந்தத் தட்டில் வேறு இடுக்கு இல்லை. துண்டு உள்ளே விழுந்து சிக்கிப் பறக்காது. முன்பு இருந்த மூடி இந்தத் தட்டுக்கு இடம் விடாது. அதனால் பிளேடின் தலைக்கு மேலே தட்டோடு சேர்த்து, கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்தோம். அதன் வழியே துண்டு நன்றாகத் தெரிகிறது செயலாளர் அவர்களே, உங்கள் குறையும் தீர்ந்தது.

(கையுறை போட்டால் போதாதா என்று ஒரு குரல். போதாது அம்மா. கையுறையின் நூலைப் பிளேடு பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத்தான் கண்ணாடி வேண்டும், கைக்கு உறை வேண்டாம்.)

மூன்றாவது விதிதான் கடினம். விழுந்த துண்டைத் தொடாதே. சுவிட்சை அணை. பிளேடு முழுவதும் நிற்கும்வரை இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு நில். அந்த நேரத்தில் நான் ஒரு ஜெபம் சொன்னேன். அன்னக்கிளி தான் கும்பிடும் அய்யாவின் நாமத்தைச் சொன்னாள். இருவருக்கும் பிளேடு ஒரே நேரத்தில்தான் நின்றது.

அந்தச் சில நொடிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். சத்தம் மெல்லிதாகும், பிறகு முனகலாகும், பிறகு காற்றாகும். தூள் மறுபடி வெயிலில் மிதக்கும். மங்கலான ஒரு வட்டமாகத் தெரிந்த பிளேடு, பல் பல்லாகத் தன்னைக் காட்டும். அந்த அமைதியில்தான் என் சின்ன ஊர் திரும்பி வந்தது. ஆறு வந்தது, அணை வந்தது, குழந்தைகள் வந்தார்கள். அவசரத்தில் வராத ஊர், காத்திருந்தபோது வந்தது.

இதோ, என் பையில் இருக்கிறது. புதிய முறையில் அறுத்த முதல் வீடு. தலைவர் அவர்களே, உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். கனம் இருக்கிறதா? இல்லை. இதற்கு ஒரு பெண்ணின் விரல் விலையாகுமா? இந்த வீட்டுக் கூரையைத் தூக்கி விளையாடும் குழந்தையின் கைக்குப் பத்து விரல் இருக்கும்போது, இதைச் செய்து கொடுத்தவளின் கைக்கு ஒன்பது என்றால், அது என்ன ஊர்? யாருக்கான ஊர்?

செயலாளர் சொல்கிறார், இப்படிச் செய்தால் நாளுக்கு நான்கு பெட்டி செய்யும் இடத்தில் மூன்றுதான் முடியும் என்று. கணக்கு சரி. திங்கட்கிழமைக்குள் கதவு திறக்காவிட்டால் வேலையை வெளியூர் மில்லுக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொல்கிறார். பதினாறு பெண்களின் வேலை போகும் என்று எனக்கும் தெரியும். அவர்கள் முகங்கள் இதோ முன்வரிசையில் இருக்கின்றன. கதவைத் திறக்கத்தான் நான் வந்திருக்கிறேன். சாவி இந்த மேசையில் இருக்கிறது. என் கணவரின் படத்துக்கு இன்னும் புதுக் கண்ணாடி போடவில்லை. கண்ணாடி காத்திருக்கட்டும், ஆண்டறிக்கையும் காத்திருக்கட்டும். முதலில் விரல்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே பதில் சொன்ன தாய்மார்களுக்கும், கையைத் தூக்கிக் காட்டிய சுயம்புராஜ் தம்பிக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

குழுவினரிடம் கேட்பது ஒன்றே. இந்த மூன்று விதிகளை ஏற்கிறீர்களா, இல்லையா? வாய்ச்சொல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள், தேதியிட்டுக் கையெழுத்திட்டு, எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.