கண்மாய்க் கரை ஓட்டம்

உச்சி வெயிலில் ஓடுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கு அதில் வருத்தமில்லை. பட்டாசு கம்பெனி போர்மேனுக்குக் காலையில் நேரம் ஏது? விடியுமுன் வேனில் போய் ஊர் ஊராக ஆட்களை ஏற்றிவர வேண்டும். மாலையில் கால் கெஞ்சும். மிஞ்சியது மதியச் சாப்பாட்டு நேரம். அப்போதுதான் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் நாரணாபுரம் கண்மாய்க் கரையில் ஓடுவேன்.

அல்ட்ரா மாரத்தான் என்று ஒன்று இருப்பதைச் சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். மாரத்தான் முடிகிற இடத்தில் அது பாதிகூட ஆகியிருக்காது. வேகம் முக்கியமில்லை, நிற்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று போட்டிருந்தது. கால் வலித்தால், அது வேறு யாருடைய வலியோ என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அதில் நான் சீக்கிரமே தேர்ந்துவிட்டேன்.

புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூமில் மூன்று பெண்கள் இருந்தார்கள். வள்ளித்தாய், சின்னத்தாய், ரோஜா. வள்ளித்தாய்க்கு வாய்த் துடுக்கு அதிகம், கை சுத்தம். "யாரு தொரத்துறாகன்னு இப்படி ஓடுறீக அண்ணாச்சி?" என்று கேட்டு மற்றவர்களைச் சிரிக்க வைப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும் இன்ஸ்பெக்டர் ஐயா.

எங்கள் தொழிலில் செய்கிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. சீசன் வந்துவிட்டால் சாப்பாட்டு நேரத்திலும் பெண்கள் கை ஓயமாட்டார்கள். போர்மேன் தலை மறைந்தால் போதும், கலவை ரூமுக்குப் போய் அளவுக்கு மேல் மருந்தை அள்ளிவந்து பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மருந்து கொஞ்சமாக இருந்தால் தீப்பிடித்தாலும் ஓடித் தப்பிக்கலாம். அதனால் போர்மேன் கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. நான் நின்றால் என் ஓட்டம் போய்விடும். ஆகவே அவர்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போனேன். அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான்.

எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல் உண்டு. சரக்கு ஏற்ற லாரி வராததால் அதை அடைத்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அடுக்கச் சொன்னவனும் நான்தான்.

முதல் நாள் பூட்டும்போது வள்ளித்தாய் எழுந்து வந்தாள். "பூட்டாதீக அண்ணாச்சி. மருந்து எடுக்க மாட்டோம்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுதோம்," என்றாள். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். சொன்னபடி வந்தேன். மறுநாளும் வந்தேன். அதன்பிறகு அவள் என்னைக் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டாள். எனக்கு மூச்சு நன்றாக நீண்டுவந்தது.

அன்று ஆடி வெள்ளி. கரையின் கடைசிக்குப் போய்த் திரும்பியபோது ரூமின் கூரையோரம் வெள்ளைப் புகை வந்தது. புஸ்வாண மருந்து எடுத்த எடுப்பில் வெடிக்காது, முதலில் சீறும். தகரக் கதவை உள்ளிருந்து அடிக்கிற சத்தமும் கேட்டது. சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் போய்த் திறந்தால், பூட்டியது யார் என்று அத்தனை பேரும் பார்ப்பார்கள். மூன்று பேரும் வெளியே வந்து சொல்வார்கள். என் வேலை போகும், அப்புறம் ஓட்டம் ஏது? அதை யோசித்தபடி நின்றேன். பிறகு மறுபக்கம் திரும்பி ஓடினேன். வெடித்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாத்தூர் சாலையில் மஞ்சள் உடுத்தி இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்கு நடக்கிற கூட்டம். வேண்டுதலுக்கு ஓடுகிறான் என்று நினைத்து எனக்கு வழிவிட்டார்கள், மோர் கொடுத்தார்கள். கோயில் வாசலில் நான் விழுந்தபோது ஒரு அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சாவியைக் கோயிலை ஒட்டிய ஆற்று மணலில் புதைத்தேன். அவ்வளவு தூரம் அதற்கு முன் நான் ஓடியதே இல்லை.

கதவும் பூட்டும் வெடியில் சிதறிப்போயிருந்தன. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வேண்டுதல் ஓட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன் என்று ஊரில் சொன்னேன். வழியில் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். வள்ளித்தாய் அளவுக்கு மேல் மருந்து அள்ளிவந்திருப்பாள் என்றேன், விசாரணையில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவள் புருஷன் சங்கிலிமுத்து இன்றும் கம்பெனி கேட்டில் வந்து நிற்கிறான். "எம் பொண்டாட்டி அப்படி எடுக்கிறவ இல்ல," என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்கிறான். அவன் சொல்வது சரிதான். பூட்டிய ரூமிலிருந்து அவள் எங்கே போய் எடுப்பாள்?

மறுபடி ஓடத் தொடங்கியபோதுதான் பின்னால் காலடி கேட்டது. மருந்து ரூமுக்குள் செருப்பு ஆகாது, அதனால் வெறுங்கால் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேர். நான் மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக வருகிறார்கள். ஒரு நாளும் முந்துவதில்லை. ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். இப்போது படுத்திருந்தாலும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், சங்கிலிமுத்துவுக்காக அல்ல.

இன்னும் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். 'போர்மேன் எட்டாத தூரத்தில் இருந்தான், பாவம்' என்று யாரும் என்னைக் குறைத்துப் பேசிவிடக் கூடாது. கரையிலிருந்து அந்தக் கதவுக்கு நான் நிச்சயம் போய்ச் சேர்ந்திருப்பேன், மூச்சுகூட வாங்கியிருக்காது. அன்று என் உடம்பு அவ்வளவு நன்றாகத் தயாராகியிருந்தது.