அக்கரை வரையாத யானைக்குட்டி

மராத்தி எனக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். தமிழ் தெரிந்த உங்களை அனுப்பியது நல்லதாகப் போயிற்று, சார்.

விச்சு என் தம்பி. விஷ்ராந்த்வாடி வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் வாட்டர்கலரில் படம் போடுவான். நான் குழந்தைகளுக்கு மிருகக் கதை எழுதுவேன். தமிழ்ச் சங்க மலரில் நாங்கள் வராத வருஷம் இல்லை. கதை என்னுடையது, படம் அதற்கு அலங்காரம்.

போன மழைக்காலத்தில் யானைக்குட்டிக் கதையைத் தொடங்கினோம். தாயைத் தேடிப் போகிற குட்டி. பாதி முடிந்திருந்தபோது விச்சு படங்களை எடுத்துக்கொண்டு கேம்ப் கடைத்தெருவில் ஒரு பதிப்பகத்துக்குப் போய் வந்தான்.

"அக்கா, புஸ்தகமா போடறாளாம். ஆனா எழுத்து வேண்டாங்கறா. படமே கதை சொல்லிடறதாம்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னுட்டேன். இங்க நம்மாத்துக் குழந்தைகளே தமிழ் படிக்கறதில்லையே."

எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சண்டை போடவில்லை. போட்டால் அவன் சாப்பிடாமல் படுத்துவிடுவான்.

தூரிகை நுனியைக் கூராக்க நாக்கில் வைத்துக்கொள்வது அவனுக்குச் சின்ன வயதுப் பழக்கம். யானைக்குச் சாம்பல் நிறம் நிறைய வேண்டியிருந்தது. வண்ணம் குழைத்துத் தருவது எப்போதும் நான்தான். எலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். வண்ணத் தட்டைச் சோதனைக்கு அனுப்பினீர்களாமே, கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

"கலர் கசக்கறதே, அக்கா" என்றான் ஒருநாள். புது ட்யூப், அப்படித்தான் இருக்கும் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருக்கடையில் தின்ற வடாபாவைத் திட்டினான். சீரக ரசம் வைத்துக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். கூடப்பிறந்தவன் அல்லவா, பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. காலையில் மறுபடி வண்ணம் குழைத்தேன்.

அவனுடைய கடைசிப் படம் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. குட்டி ஆற்றில் ஒரு காலை வைத்திருக்கிறது. அக்கரை வெறும் வெள்ளைத் தாள். அதை வரைய உட்கார்ந்தவன்தான் அப்படியே சாய்ந்துவிட்டான்.

ஆமாம், நான்தான் கொன்றேன். என் கதையை என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தான். இனி அது முழுக்க என்னுடையது. எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் தினமும் உட்காருகிறேன். முதலில் அவன் வரைவான், அதைப் பார்த்து நான் எழுதுவேன், அப்படியே பழகிவிட்டது. அக்கரையில் தாய் நிற்கிறதா இல்லையா என்று வரைந்து காட்டாமலே போய்விட்டான், பொறுப்பில்லாதவன்.