எழுபதுக்குக் கீழே

– இன்னும் அழுத்துங்க. மேடுன்னா மேடு மாதிரி ஏறணும். இப்படித் தடவிக் குடுத்துக்கிட்டே ஓட்டினா இது எப்பங்க சாகும்?

– நீயா டீச்சர் இதைச் சொல்றே? ஊருக்கே டிரைவிங் சொல்லிக் குடுக்கறவ. கட்டின நாள்லேர்ந்து ஒரு தடவையாவது என்னை வேகமாப் போன்னு சொல்லியிருக்கியா?

– இன்னிக்கு மட்டும்தான். நாளைக்குப் பழையபடி திட்டுவேன், கவலைப்படாதீங்க. பின்னாடி உக்காந்திருக்கற தம்பி, உங்க மெஷின் என்ன சொல்லுது?

– அறுபத்தஞ்சு, மேடம்.

– அறுபத்தஞ்சுன்னா சந்தோஷப்படணுமா, அழணுமா தம்பி? காலையில நீங்க சொன்னீங்க, இந்தச் சலூன்காரன் மண்டையில ஏறல.

– புதுசா இருந்தப்ப இந்த பேட்டரி குடுத்தது நூறுன்னு வெச்சுக்கங்க, சார். இப்ப முழுசா சார்ஜ் போட்டுட்டு, வண்டி தானா நிக்கற வரைக்கும் ஓட்டறோம். நிக்கறதுக்குள்ள எவ்வளவு குடுத்துச்சுன்னு மெஷின் எண்ணுது. எழுபதுக்குக் கீழேயே நின்னுட்டா வாரண்டியில புது பேட்டரி. எழுபதைத் தொட்டுட்டா, பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒண்ணும் கிடையாது.

– நல்லா இருக்காம், கேட்டீங்களா? போன வாரம் ஒரு பொண்ணு ரிவர்ஸ் பழகிட்டிருக்கும்போதே நடுரோட்டுல படுத்துருச்சு தம்பி. அவ ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு, ஐயோ அக்கா நான் எதை உடைச்சேன்னு ஒரே அழுகை. பின்னாடி வந்தவங்கெல்லாம் ஹாரன் அடிச்சு என் மானத்தை வாங்கிட்டாங்க.

– வெளிய ஒரு மெக்கானிக்கைக் கேட்டோம் தம்பி. உள்ள மூணு செல் கட்டுதான் சோந்து போயிருக்கு, அதை மட்டும் மாத்தித் தரேன்னான். பேட்டரிப் பெட்டியைப் பிரிச்சா வாரண்டி போயிடும்னு உங்க கார் கம்பெனி சொல்லுச்சு. அந்த வாரண்டியும் இந்த மாசத்தோட முடியுது. பிரிச்சாலும் தப்பு, பிரிக்காட்டியும் தப்பு. நடுவுல நான் இவ முகத்தைப் பாக்கணும்.

– ஏங்க, என் முகத்துக்கு என்ன? ரோட்டைப் பாருங்க.

– ஏசியை முழுசா வெச்சிருக்கேன். வைப்பர் ஓடுது. நாலு சிக்னல் லைட்டும் மின்னுது. வேற என்ன தம்பி போடலாம்? பாட்டு போடவா?

– போடலாம் சார். ஆனா அதனால கணக்கு மாறாது. சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். குடுத்தது குடுத்ததுதான்.

– அப்ப ஏன் தம்பி இவ என்னை இந்த மலையில ஏத்தறா?

– அது வேற சார். மேட்டுல வேகமா இழுத்தா சோந்த கட்டு தாங்காம சுருண்டுடும். வண்டி முன்னாடியே நின்னுடும். பதமா ஓட்டினா கடைசிச் சொட்டு வரைக்கும் குடுத்துட்டுத்தான் நிக்கும்.

– இதெல்லாம் நீங்க எங்ககிட்ட சொல்லலாமா தம்பி?

– கம்பெனி புத்தகத்துலேயே இருக்கு, மேடம். யார் எப்படி ஓட்டினாலும் எனக்குக் கவலை இல்ல. எண்ணு என்ன வருதோ அதை எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

– தங்கமான பையன். கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?

– டீச்சர், பையனை விடு. இங்க பாரு, மீட்டர்ல ஆமை வந்துருச்சு. ஆமைப் படம்.

– ஆமையா? தம்பி, ஆமைன்னா என்ன?

– பேட்டரி கடைசியில இருக்கு, மேடம். இனிமே வேகம் குடுக்காது.

– ஐயோ என் ராசாத்தி ஆமையே, வாடி. எவ்வளவு தம்பி இப்ப?

– அறுபத்தாறு.

– அறுபத்தாறுல ஆமை. டீச்சர், அடுத்த வளைவு இதைவிட மேடு. அங்க கண்டிப்பா உக்காந்துடும். நான் இப்பவே கைதட்டிடவா?

– ஸ்டியரிங்ல கையை வைங்க முதல்ல. தம்பி, உங்க போன் ரொம்ப நேரமா அடிக்குது. நாலாவது தடவை அமத்தறீங்க. யாராவது முக்கியமானவங்களா இருக்கப் போறாங்க, எடுங்க.

– வேலை நேரத்துல எடுக்கக் கூடாது, மேடம்.

– நான் டீச்சர் சொல்றேன். எடுங்க.

– ஹலோ. ... நீயா? புது நம்பரா இருக்கே. ... எங்க இருக்கே? ... என்னது? ... இரு, இரு, அழாதே. நேத்து நீதானே வரமாட்டேன்னு சொன்னே. ... தனியாவா? ... நான் மலையில இருக்கேன். ... மலைதான். ஒரு வண்டி சாகறதுக்காகக் காத்திருக்கோம். ... இல்ல இல்ல, யாரும் சாகல. ... நாலு மணிக்கா? ... ஹலோ. ஹலோ.

– என்ன தம்பி, முகம் வெளுத்துப் போச்சு?

– ஒண்ணுமில்ல மேடம். கட் ஆயிடுச்சு.

– ஒண்ணுமில்லைன்னு சொல்றவன் முகமா இது? சொல்லுங்க.

– இன்னிக்குப் பதிவுத் திருமணம், மேடம். எனக்கு. பதிவு ஆபீஸ்ல நாளெல்லாம் குறிச்சுக் குடுத்துட்டாங்க. நேத்து அவ வீட்டுல பெரிய சண்டை, வரமுடியாதுன்னுட்டா. அதான் லீவை வேண்டாம்னு சொல்லிட்டு வேலைக்கு வந்துட்டேன். இப்ப வீட்டை விட்டுக் கிளம்பி ஆபீஸ் வாசல்ல நிக்கறாளாம். நாலு மணிக்கு ஆபீஸர் போயிடுவாராம்.

– காலையிலேர்ந்து இதை வயித்துல வெச்சுக்கிட்டா அறுபத்தஞ்சு, அறுபத்தாறுன்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்க?

– வேற என்ன மேடம் பண்றது? எண்ணினா மனசு கொஞ்சம் அடங்குது.

– ஏங்க, நிறுத்துங்க வண்டியை.

– டீச்சர், ஒரே ஒரு வளைவு. இதோ தெரியுது பாரு. அதுல ஏறிட்டா செத்துரும். புது பேட்டரி. அப்புறம் தம்பிக்கு ஒரு டாக்ஸி புடிச்சுக் குடுப்போம். நான்தான் குடுப்பேன்.

– டாக்ஸி பாத்துட்டேன் சார். இந்த மேட்டுக்கு எதுவும் வராதாம். பரவாயில்ல, நீங்க ஏறுங்க. நான் இறங்கி ஓடறேன். இறக்கம்தானே.

– ஓடிப் போய்த் தாலி... சரி, மோதிரம், எதையோ ஒண்ணு, மூச்சு வாங்கிக்கிட்டா போடுவீங்க? உக்காருங்க பேசாம. ஏங்க.

– ம்.

– இறங்குங்க. நான் ஓட்டறேன்.

– எட்டு வருஷ வண்டி, டீச்சர். அது போனா உன் ஸ்கூலே போச்சு.

– தெரியும். இறங்குங்க.

– இறங்கிட்டேன். கோபப்படாதே. ஏசியை அணைச்சுட்டேன், வைப்பரை நிறுத்திட்டேன். திருப்பு. டேய் ஆமை, எங்க மேல எதையும் மனசுல வெச்சுக்காதே. காலையிலேர்ந்து உன்னைத் திட்டினதெல்லாம் விளையாட்டுக்கு.

– ஜன்னலை ஏத்துங்க, காத்து இழுக்குது. ரெண்டு பேரும் ஆடாம உக்காருங்க.

– பின்சீட்டுக்கு வந்துட்டேன் டீச்சர். எனக்கு இங்க வேலை இருக்கு. தம்பி, தலையைக் காட்டுங்க. காலையிலேர்ந்து இந்தக் காக்கா கூட்டைப் பாத்துப் பாத்து என் கை அரிக்குது. சீப்பு எப்பவும் பையில இருக்கும்.

– சார், மெஷின் கீழ விழுந்துடும்.

– புடிச்சுக்கறேன். அந்தக் கம்பெனிச் சட்டையைக் கழட்டுங்க. நெஞ்சுல பேட்டரிப் படத்தோட எவன் கல்யாணம் பண்ணுவான்? என் சட்டையைப் போட்டுக்கங்க. நான் உங்களதுல நுழைஞ்சுக்கறேன்.

– ஏங்க, பட்டன் வெடிக்கப் போகுது.

– மூச்சை உள்ள இழுத்தா சரியாப் போச்சு. டீச்சர், என்னமா ஓட்டறே. தண்ணிக் குடம் எடுத்துட்டுப் போற மாதிரி.

– மாடல் ஸ்டூடண்ட் மாதிரி வாயை மூடிட்டு வாங்க. தம்பி, எண்ணு எவ்வளவு?

– வேண்டாம் மேடம்.

– சொல்லுங்க.

– அறுபத்தெட்டு.

– ஓடட்டும். இன்னும் தூரம் இருக்கா?

– பாலம் தாண்டி, ரவுண்டானாவுல இடது பக்கம். ... மேடம், அறுபத்தொன்பது. இங்கேயே நிறுத்திடுங்க, நான் நடந்து போயிடறேன்.

– நிறுத்தினாலும் சோதனை நிக்காது, வண்டி தானா நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? ரோட்டோரம் உக்காந்து ஏசியைப் போட்டு அதைக் கொல்லவா சொல்றீங்க, அங்க ஒரு பொண்ணு அழுதுட்டு நிக்கும்போது?

– டீச்சர், பச்சை சிக்னல். இப்பவே போ. போ, போ, போ.

– போறேன்ல.

– எழுபது, மேடம்.

– ரவுண்டானா வந்துருச்சு. இடதுதானே தம்பி?

– எழுபதைத் தொட்டுருச்சு, சார்.

– காதுல விழுந்துச்சு தம்பி. தலையை ஆட்டாதீங்க, வகிடு கோணலாப் போகுது. டீச்சர், நீ ஓட்டு. போனது போகட்டும், ஆமை இன்னும் நடக்குது பாரு.

– அதோ. பச்சைச் சுடிதார்ல நிக்கறது அவதான், மேடம். அவதான்.

– அழகா இருக்கா. ஐயோ, கையில வெறும் குடை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கா. ஏங்க, இழுக்கவே மாட்டேங்குது, வண்டி நிக்கப் போகுது.

– கேட்டுக்குள்ள உருளட்டும். உருளட்டும். நின்னுருச்சு. தம்பி, ஓடுங்க.

– சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும், சார்.

– நாங்க என்ன இங்க வேடிக்கை பாக்கவா வந்தோம்? டீச்சர், சாவியை எடு. செருப்பை மாத்திப் போட்டுட்டே பாரு.

– நீங்க முதல்ல மூச்சை இழுங்க.

– எனக்குக் கை நடுங்குது டீச்சர். எங்க கையெழுத்து போடணும்? நம்ம கல்யாணத்துலகூட இப்படி நடுங்கல.

– அன்னிக்கு நடுங்கியிருந்தா நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன். இங்க, இந்தக் கோட்டு மேல.

– அழாதே. ஆபீஸர் பாக்கறாரு.

– நான் அழல. நீங்கதான் அழறீங்க. வாங்க, பிள்ளைங்க ரெண்டும் தனியா நாலு வார்த்தை பேசட்டும். நாம வண்டிகிட்ட போவோம்.

– டீச்சர், ஒண்ணு கேக்கவா? மனசு கஷ்டமா இருக்கா?

– இருக்கு. சிரிப்பும் வருது. அந்த மெக்கானிக்கையே கூப்பிடுவோம். இனிமே பெட்டியைப் பிரிச்சா என்ன, எதுவும் போறதுக்கு இல்ல. மூணு கட்டை மாத்திட்டு எவ்வளவு நாள் ஓடுதோ ஓட்டுவோம். தம்பி வந்துட்டார் பாருங்க. என்ன தம்பி, புதுப் பொண்டாட்டியை விட்டுட்டு மெஷினைத் தேடி வரீங்களே?

– எண்ணைப் பாக்கணும், மேடம். எழுபத்தொண்ணு.

– எழுதிக்கங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

– எழுத முடியாது. இப்பதான் கம்பெனிக்குப் பேசி விஷயத்தைச் சொன்னேன். இந்தச் சோதனை செல்லாதுன்னுட்டாங்க. நாளைக்கு வேற ஆள் வந்து முதல்லேர்ந்து எடுப்பாராம்.

– ஏன் தம்பி? நாங்க என்ன தப்பு பண்ணினோம்?

– தப்பில்ல. சொந்தக்காரங்க வண்டியை நாங்க சோதிக்கக் கூடாது. உள்ள அந்த ஆபீஸர் உங்க பக்கம் கைகாட்டி, இவங்க உனக்கு யாருப்பான்னு கேட்டாரு. நான் கொஞ்சம்கூட யோசிக்கல, எங்க அக்காவும் மாமாவும்னு சொல்லிட்டேன், அக்கா.